மூச்சுப்பட்டை

பாப்பா வீட்டுக்கு வந்த அன்று அங்கே இருந்தவர்கள்:

பவதாரணி. பெற்றவள்.

இசக்கிராஜ். அவள் புருஷன். கயத்தாற்றுக் காட்டில் நிற்கும் காற்றாலைகளுக்கு எண்ணெய் மாற்றும் கூட்டத்தில் ஒருவன்.

வசந்தமலர். இசக்கிராஜின் அம்மா. முன்னறையில் தையல் மெஷின்களைப் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். அன்று மெஷின்கள் ஓடவில்லை.

சுபிக்ஷா. இசக்கிராஜின் தங்கை. பள்ளியில் மாவட்டப் போட்டிவரை ஓடியவள். மன்னார்க் கடலுக்குள் நிற்கும் புதிய காற்றாலைகளில் வேலைக்குத் தேர்வாகி, சேரும் தேதியை ஒருமுறை தள்ளி வாங்கியிருந்தாள். சுடிதாருக்குள் நெஞ்சைச் சுற்றி நான்கு விரல் அகலத்தில் ஒரு பட்டை கட்டியிருந்தாள்.

பெர்சிஸ் சிஸ்டர். ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பா படுத்திருந்த கண்ணாடிப் பெட்டியோடு வந்தவர்.

பாப்பா. பெண். வயிற்றில் இருக்க வேண்டிய காலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் இருந்தது. வெளியே பருவம் இரண்டு மாறும்வரை ஆஸ்பத்திரியில் கிடந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை. வைத்தால் பிறகு அதைச் சொல்லி அழ வேண்டிவரலாம் என்று எல்லோருக்கும் தோன்றியது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பெட்டியையும் ஆள் கணக்கில் சேர்க்கலாம். அது மூச்சு விட்டது.

வசந்தமலர் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். கற்பூரப் புகை ஆகாது என்று பெர்சிஸ் சிஸ்டர் சொன்னதால் அணைத்துவிட்டு, வெறும் சிவப்புத் தண்ணீரைச் சுற்றித் தெருவில் கொட்டினாள். இசக்கிராஜும் ஆம்புலன்ஸ் டிரைவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுபிக்ஷா பெட்டியை ஒட்டியே நடந்தாள். வாசற்படி ஏறும்போது ஒரு நொடி நின்று, மூச்சைச் சமன்படுத்திக்கொண்டு, பிறகு காலை வைத்தாள். பவதாரணி எல்லோருக்கும் பின்னால் வந்தாள். அவள் கையில் பிளாஸ்டிக் பை ஒன்றுதான் இருந்தது.

பின்கட்டு அறையைக் கழுவி, ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்து வைத்திருந்தார்கள். பெட்டியை அங்கே இறக்கினார்கள். உள்ளே பாப்பாவுக்குக் கீழே இருந்த மெத்தை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் தலைமாட்டில் சின்ன விளக்கு, பச்சை.

பெர்சிஸ் சிஸ்டர் கையைக் கழுவிவிட்டு வந்து பவதாரணியிடம் சொன்னார். “பட்டையைக் கொஞ்சம் காட்டுங்கம்மா. வீட்டுத் தூரத்துக்கு மாத்தி வைக்கணும்.”

பவதாரணி சுபிக்ஷாவைப் பார்த்தாள்.

“சேலைக்கு உள்ளதானே கட்டிருக்கீங்க? அவங்களை வெளிய போகச் சொல்லட்டுமா?”

சுபிக்ஷா சுடிதாரின் கழுத்தை இழுத்துப் பட்டையின் ஓரத்தைக் காட்டினாள்.

சிஸ்டர் பட்டையைப் பார்த்தார். பவதாரணியைப் பார்த்தார். அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். இரத்த அழுத்தம் ஏறி, ஜன்னி வந்து, பவதாரணி நினைவில்லாமல் கிடக்கும்போது பாப்பாவை எடுத்தார்கள். தாய் கண் விழித்ததும் கட்டுங்கள் என்று பட்டையை வசந்தமலர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். நெல்லைப் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதற்கு ஆள் பார்ப்பார்கள். சேனை வைப்பது என்று பேர். வைத்தவரின் குணமும் உடம்பும் பிள்ளைக்கு வரும் என்பதால் நோயாளியை வைக்கவிட மாட்டார்கள். வசந்தமலருக்குப் பட்டை ஒரு சேனையாகப் பட்டது. மருமகளுக்கு ஏற்கெனவே இரண்டு கலைந்திருந்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்ததாகக்கூட நினைவில்லை. பட்டையை மகளுக்குக் கட்டினாள். பவதாரணியின் மணிக்கட்டில் பெயரெழுதிக் கட்டியிருந்த கைச்சீட்டையும் கழற்றி மகளுக்கு மாட்டிவிட்டாள்.

தாய்மார் கூடத்தில் எல்லோருக்கும் ஒரே பச்சை அங்கி, ஒரே முகமூடி. இரவுப் பணியில் இருப்பவர்கள் கைச்சீட்டைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். முகத்தைப் பார்க்க ஆரம்பித்தால் அந்த வேலையில் இருக்க முடியாது. பட்டை மூச்சைப் பற்றி எல்லாம் அறிந்திருந்தது. அது யாருடைய மூச்சு என்று கேட்க அதற்குச் சொல்லித் தரவில்லை.

பவதாரணி கண் விழித்தபோது பாப்பா சுபிக்ஷாவின் மூச்சில் இருந்தது. அவளுக்கும் அது நிம்மதியாக இருந்தது. இரண்டு பிள்ளைகளைத் தவறவிட்ட உடம்பு. அதன் பொறுப்பில் மூன்றாவதையும் விட அவளுக்கே மனமில்லை. பிறகு தேறினாள், நடந்தாள். பாப்பா எடை ஏறிக்கொண்டிருந்தது. இப்போது மாற்றினால் இளைத்துவிடும் என்றார்கள். விட்டுவிட்டார்கள்.

“டாக்டர்கிட்டச் சொல்லலையா?” என்று கேட்டார் சிஸ்டர்.

“நல்லாத்தானே இருந்துச்சு சிஸ்டர்” என்றாள் வசந்தமலர். “இனி மருமவ கட்டிக்கிடட்டும். வீட்டுக்குத்தான் வந்தாச்சே.”

சிஸ்டர் எழுந்து பெட்டியருகே போனார். பிறகு பாப்பாவின் கால்மாட்டைக் காட்டிப் பேசினார். முன்பெல்லாம் குறைமாதக் குழந்தை மூச்சை மறந்தால் உள்ளங்காலைச் சுண்டி விடுவார்கள். எத்தனை தடவை சுண்டுவது, கை ஓயும். அதற்காகத்தான் இது வந்தது. தாயின் மூச்சு மெத்தைக்கு வரும், மெத்தையின் மூச்சைக் குழந்தை பிடித்துக்கொள்ளும். குழந்தை தடுமாறினால் பட்டை நெஞ்சை லேசாக இறுக்கும், தாய் தன்னையறியாமல் ஆழ இழுப்பாள், குழந்தையும் இழுக்கும்.

“பதிவு பண்ணிப் போட்டா என்ன? பாட்டு மாதிரி” என்றான் இசக்கிராஜ்.

“பாட்டு, இது கேக்குறதைப் பார்த்துப் பாடாது தம்பி. அவ இதுக்குப் பதில் சொல்லுதா. இது அவளுக்குப் பதில் சொல்லுது. ரெண்டும் இப்ப ஒரே மூச்சு.”

“போன்ல அனுப்புனா?”

“கண் இமைக்கிற நேரம் தாமதமானாலும் குழந்தை குழம்பிரும். இந்த வீட்டுச் சுவரைத் தாண்டக்கூடாது.”

“எத்தனை நாளைக்கு?” கேட்டது சுபிக்ஷா.

தாய் என்றால் பால் கொடுக்கும்போது நெஞ்சோடு நெஞ்சு வைத்தே பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடலாம், வயிற்றுக்குள் கேட்ட நெஞ்சொலி அது, குழந்தைக்கு அடையாளம் தெரியும் என்றார் சிஸ்டர். “இதை யாரும் இப்படிச் செஞ்சதில்லம்மா. ஒரு வருஷம் ஆகலாம். ரெண்டும் ஆகலாம். எனக்குத் தெரியல.”

ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுபோவதைப் பற்றியும் கேட்டார்கள். பாப்பா இருந்த இடத்தில் அந்நேரம் வேறு பிள்ளை படுத்திருந்தது. இடம் கிடைத்தாலும் தொண்டையில் குழாயை விட்டு இயந்திரத்தில் போட வேண்டும். சில குழந்தைகள் தாங்கும் என்றார். சில என்ற சொல்லை அவர் அழுத்தவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது மட்டும்தான் கேட்டது.

பெட்டியின் விளக்கைத் தூரத்திலிருந்தும் காட்டும் கையடக்க விளக்கு ஒன்றைப் பவதாரணியிடம் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் பார்ப்பதற்கு நேரமில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சுபிக்ஷாவிடம் குரலை உயர்த்தவில்லை.

அவள் கோபப்பட்டால் மஞ்சள் வந்தது. படியிறங்கி வேகமாக நடந்தால் மஞ்சள். தும்மினால்கூட ஒரு சிமிட்டல். ஒருநாள் பழைய தோழி ஒருத்தி போனில் எதையோ சொல்ல, இவள் விழுந்து விழுந்து சிரிக்க, பாப்பாவின் உதடு நீலமாகிவிட்டது. போனை வசந்தமலர் வாங்கி வைத்துக்கொண்டாள், மிக அன்பாக. தையல் மெஷின்களைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினார்கள். டிவியைத் துணி போட்டு மூடினார்கள். அவளுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு நின்றுபோனது, காரத்தில் இருமல் வரும். காலையில் முட்டை, மதியம் கீரை, தூங்குவதற்கு முன் பால். தட்டில் வைத்து, எதிரே உட்கார்ந்து, அவள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிராஜ் சின்ன வயதில் அவளை அடித்து விளையாடிய ஆள். இப்போது அவள் அறைக்குள் வந்தால் எழுந்து நின்றான்.

“எதுக்குண்ணே எந்திரிக்க? நான் என்ன கலெக்டரா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“இல்லட்டி, சும்மாதான்” என்று சொல்லிவிட்டு அவன் நின்றுகொண்டேயிருந்தான்.

பவதாரணிக்குப் பால் கொடுக்கும் வேலை இருந்தது. சுபிக்ஷா கட்டிலில் சாய்ந்துகொள்வாள், பவதாரணி பக்கத்தில் உட்கார்ந்து பாப்பாவை எடுத்துக்கொள்வாள். பாப்பா இவளிடம் குடிக்கும், கண்ணைச் சுபிக்ஷா பக்கம் திருப்பும். சுபிக்ஷா கண்ணை மூடினால் அதுவும் மூடும். குடித்து முடித்ததும் பவதாரணி எழுந்து போய்விடுவாள். அவள் போவதை மஞ்சளோ சிவப்போ கவனித்ததில்லை.

சேரச் சொல்லித் தூத்துக்குடியிலிருந்து மறுபடி தகவல் வந்தது. திங்கள்கிழமை வரவில்லையென்றால் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். சுபிக்ஷா அதைச் சாப்பிடும்போது சொன்னாள்.

“திங்கக்கிழமை மத்தியான பஸ்ஸுக்குப் போறேன்.”

இசக்கிராஜ் வாயைத் திறந்தான். வசந்தமலர் அவன் தொடையில் கை வைத்தாள். கையடக்க விளக்கு சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் பச்சையாக இருந்தது. நாலு பேரும் அதைப் பார்த்தார்கள்.

“பாப்பா செத்துரும்ட்டி” என்றான், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்று என்று கேட்கிற குரலில்.

“தெரியும்ணே.” அதே குரல்.

“தெரிஞ்சுக்கிட்டா போற?”

“ஆஸ்பத்திரியில சேத்துருங்க. நான் போற அன்னைக்கே சேத்துருங்க. குழாய் வச்சுப் பாத்துக்கிடுவாவள்லா.”

“சில பிள்ளைக்குத்தான் தாங்கும்னு அந்த சிஸ்டர் சொன்னாவ.”

“கேட்டேன்.” அவள் ஒரு வாய் சாதத்தை மென்று முழுங்கினாள். அவசரப்படவில்லை. “இங்கனயே கெடந்தா நான் செத்துருவேன்ணே. பாப்பாவுக்காவது விளக்கு இருக்கு. எனக்கு அது கெடையாதுல்லா.”

வசந்தமலர் அவள் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தாள். அழுதுகொண்டேதான் வைத்தாள், சத்தம் வராமல். “நான்தாம்மா கட்டிவிட்டேன். நல்லதுன்னு நெனச்சித்தான் கட்டினேன்” என்றாள்.

“சரிம்மா. அழாத. நீ அழுதா எனக்கும் வந்துரும்.”

அந்தச் சண்டை அவ்வளவுதான். விளக்கு ஒருமுறைகூட நிறம் மாறவில்லை. ஊரில் அதைவிட அமைதியாக ஒரு குடும்பம் சாப்பிட்டிருக்க முடியாது.

மறுநாள் கொடியில் துணி எடுக்கும்போது பவதாரணி அவளிடம் சொன்னாள். “நீ போ சுபி. யாரும் தடுக்காம நான் பாத்துக்கிடுதேன்.”

“நெசமாவா மதினி?”

“நெசமாத்தான். இது என் பிள்ள. நான்தான் கட்டியிருக்கணும்.”

அவள் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. அன்று மதியமே இருவரும் முயன்று பார்த்தார்கள். வசந்தமலர் பக்கத்துத் தெருவில் தையலில் இருந்தாள், இசக்கிராஜ் காட்டில் இருந்தான். சுபிக்ஷா பட்டையைக் கழற்றிப் பவதாரணியின் நெஞ்சில் கட்டினாள். கொக்கிகளைச் சரிசெய்து, ஓட்டப்பந்தயத்துக்கு முன் தோழிக்குச் சொல்வதுபோல, தோளைத் தளர்த்து, வயிற்றால் மூச்சு விடு, எண்ணாதே என்றெல்லாம் சொல்லிவிட்டு வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மெத்தை பவதாரணியின் மூச்சில் ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் பச்சை. பாப்பா கண்ணைத் திறந்தது. யாரையோ கூட்டத்தில் தேடுவதுபோல் பார்த்தது. பிறகு மஞ்சள் வந்தது. பட்டை பவதாரணியின் நெஞ்சை இறுக்கியது, அவள் ஆழ இழுத்தாள். பாப்பா இழுக்கவில்லை. அவள் மறுபடி இழுத்தாள், இன்னும் ஆழமாக, விலா வலிக்கும்படி. பாப்பா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நெஞ்சு மட்டும் அசையவில்லை. உதட்டைச் சுற்றி நாவற்பழம் தின்றதுபோல் ஒரு நிறம் பரவியது. சிவப்பு. உள்ளங்காலைச் சுண்டினாள். சுண்டினாள். பெயர் சொல்லிக் கூப்பிடலாமென்றால் பெயர் இல்லை. “சுபி” என்று கத்தினாள்.

சுபிக்ஷா உள்ளே வந்து பாப்பாவை எடுத்துத் தன் வெறும் நெஞ்சோடு சேர்த்தாள். ஒரு மூச்சு விட்டாள். பாப்பாவும் விட்டது.

பட்டையைத் திரும்பச் சுபிக்ஷாவுக்கே மாற்றிக் கட்டினார்கள். பிறகு சுபிக்ஷா கேட்டாள். “இருந்தாலும் திங்கக்கிழமை சரிதானே மதினி? சொன்னியளே.”

“சொன்னேன்ல” என்றாள் பவதாரணி.

சனிக்கிழமை பெர்சிஸ் சிஸ்டர் வந்தார். ஆஸ்பத்திரியில் சொல்லிப் பார்த்திருந்தார். இடம் இல்லை, வரிசையில் பெயர் போட்டிருப்பதாகச் சொன்னார். சுபிக்ஷாவைத் தெருமுனைவரை நடக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைத் தாண்டியதும் விளக்கு சிவப்பாகிவிட்டது. திரும்பி வரச் சொல்லிக் கையசைத்தார். பெட்டியில் எதையோ பார்த்துவிட்டு, பாப்பா இவள் மூச்சை முன்பைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். நல்ல செய்தி சொல்கிற பழக்கத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு சுபிக்ஷாவின் முகத்தைப் பார்த்துப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை இசக்கிராஜ் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்துவிட்டது, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, இரண்டு மணிக்கு வரும் என்று பவதாரணி சுபிக்ஷாவிடம் சொன்னாள். இடமும் கிடைக்கவில்லை, யாரும் ஆம்புலன்ஸுக்குச் சொல்லவுமில்லை. இசக்கிராஜ் அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றான். மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளிடம் இதைச் செய் என்று அவன் சொல்லவில்லை. வசந்தமலரும் சொல்லவில்லை. அதனால்தான் பவதாரணியால் பிறகும் அந்தப் பழியை யார்மேலும் தூக்கிப் போட முடியாமல் போனது.

காலையில் எல்லோரும் வேறு வேறு பக்கம் இருந்தபோது, அவள் பாப்பாவுக்குத் தடவும் தேங்காய் எண்ணெயை விரலில் எடுத்துப் பின்கட்டுக் கதவின் வெளித்தாழ்ப்பாளில் விட்டாள். கீல்களிலும் விட்டாள். இழுத்துப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. சத்தம் வந்தால் சுபிக்ஷாவின் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அவள் நெஞ்சு அடித்துக்கொண்டால் பாப்பா மூச்சைத் தவறவிடும். எல்லாவற்றையும் மெதுவாகச் செய்ய அந்த வீடு பழகியிருந்தது.

மத்தியானம் சுபிக்ஷா பையை வாசலில் கொண்டு வைத்தாள். தலையை இறுக்கப் பின்னியிருந்தாள். முன்பு ஓடுவதற்குப் போட்ட, பழைய டிரங்குப் பெட்டியில் கிடந்த ஷூவை எடுத்துத் துடைத்து மாட்டியிருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வசந்தமலர் அவள் முதுகைத் தடவினாள். தடவிய கை பட்டையின்மேல் வந்ததும் நின்றுவிட்டது.

“ஆம்புலன்ஸ் வந்துரும்ல மதினி?”

“வந்துரும். பிள்ளய ஏத்தினப்புறம் கழட்டிரு. பெறவு போ.”

“அதுவரைக்கும் பாப்பாட்ட இருக்கேன்.” வாசலில் எழுந்து நின்ற அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். “எந்திரிச்சு நிக்காதண்ணே. எனக்கு அது ஒருமாதிரி இருக்கு.”

ஷூவைக் கழற்றி அறைக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டிமேல் குனிந்து ஏதோ பேசுவது கேட்டது. கடலில் அலை எப்படி வரும், மேலே ஏறினால் எவ்வளவு காற்று வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பவதாரணி ஒரு கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கதவைச் சாத்தினாள். வெயில் அடித்தால் சாத்துவதுண்டு. சுபிக்ஷா பேச்சை நிறுத்தவில்லை. பவதாரணி தாழ்ப்பாளை நகர்த்தினாள். எண்ணெய் வேலை செய்தது.

தெருவில் பஸ் வந்து, நின்று, ஹாரன் அடித்தது. உள்ளே பேச்சு நின்றது.

காலடி கதவுவரை வந்தது. கதவு ஒரு நூல் அசைந்து தாழ்ப்பாளில் முட்டியது. மறுபடி ஒருமுறை முட்டியது.

“மதினி” என்றாள் சுபிக்ஷா. கேள்வியாக இல்லை.

விளக்கு மஞ்சளானது. பவதாரணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே பஸ்ஸின் கதவு அடைபடும் சத்தம், கியர் மாறும் சத்தம். மஞ்சள் அடர்ந்து சிவப்பின் ஓரத்துக்குப் போனது. அவள் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். திறந்திருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம், மரத்தை ஒட்டி, நீளமாக ஒரு மூச்சு இழுபடுவது கேட்டது. நின்றது. பிறகு மெல்ல, மிக மெல்ல, விசிலுக்கு முன் கோட்டில் நிற்பவர்கள் விடுவதுபோல் வெளியேறியது. மறுபடி இழுத்தது. மறுபடி விட்டது. சுபிக்ஷா அதைப் பாப்பாவுக்காகச் செய்தாள், இவர்கள் யாருக்காகவும் இல்லை.

விளக்கு பச்சைக்கு வந்தது.

பச்சை நிலைக்கட்டும் என்று பவதாரணி சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த பூட்டை எடுத்துத் தாழ்ப்பாளில் மாட்டி, சத்தம் வராமல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, அழுத்திப் பூட்டினாள்.